பிடுங்கப் பணமுண்டு, பேணப் பணமில்லை!

(ஞாயிறு படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரை, வர இயலாத தோழர்களுக்காக எழுத்தில்.)

தோழர்களே!

இன்று பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'அரசியல் வகுப்பில் பல்லுக்கென்ன வேலை?' என்று சிலர் முறுவலிப்பதைக் காண்கிறேன். முறுவலியுங்கள், தடையில்லை, முறுவலிக்கவும் பல் வேண்டுமல்லவா! ஆனால் அந்த முறுவல் எல்லா மக்களுக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை, கிடைக்கவொட்டாமல் செய்தவர் யார் என்று கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி நம்மை நேரே சட்டமன்றத்தின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆகவேதான் பல்.

உங்களை நான் அழைத்துச் செல்லப்போவது அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு. செல்வம் கொழிக்கும் நாடு. 1840ஆம் ஆண்டிலேயே, உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைப் பால்டிமோர் நகரில் நிறுவிய நாடு. அந்த நாட்டில் ஸ்பானிய மொழி வழங்கும் மண்ணிலிருந்து வந்தோரும், அவர் வழித்தோன்றல்களும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6 கோடியே 21 இலட்சம் பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர். இவர்களெல்லாம் பிழைக்க வந்த பிறநாட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். 1848இல் மெக்சிகோவின் வடபுலத்தைப் போரில் வென்று அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 1898இல் புவெர்ட்டோ ரிக்கோ தீவை ஸ்பெயினிடமிருந்து பெற்றது. ஆக, எல்லையைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. எல்லையே தங்களைத் தாண்டி வந்ததால் அமெரிக்கரானவர்களும் உண்டு.

இந்த மக்களுக்கு ஆண்டுதோறும் ஒரு விழா எடுக்கிறார்கள். செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை, ஸ்பானிய மரபுத் திங்கள் என்று அதற்குப் பெயர். 1968இல் ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோது ஒரு வார விழாவாகத் தொடங்கியது; 1988இல் ரீகன் காலத்தில் ஒரு திங்களாக வளர்ந்தது. ஆட்டமுண்டு, பாட்டுண்டு, வெள்ளை மாளிகையிலிருந்து வாழ்த்துமுண்டு. நல்லது! வாழ்த்தட்டும்.

ஆனால் தோழர்களே, மரபு வாரத்துக்குக் கையெழுத்திட்ட அதே ஜான்சனின் கை, அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1965 சூலை 30ஆம் நாள், இன்னொரு சட்டத்துக்கும் கையெழுத்திட்டது. 65 வயதைக் கடந்தோருக்கு மருத்துவச் செலவை அரசாங்கமே ஏற்கும் மெடிகேர் திட்டம். ஏழைகளுக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து செலவிடும் மெடிக்கெய்டு திட்டம். மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பை முறியடித்து நிறைவேற்றிய பெருஞ்சட்டம் அது. அதன் பெருமையை நான் குறைக்க மாட்டேன். கோடிக்கணக்கான முதியோருக்கு அது உயிர் தந்தது. ஆயினும் அந்தச் சட்டத்துக்குள்ளே ஒரு விலக்கு எழுதப்பட்டது. பல்லையும், பல்லைத் தாங்கும் உறுப்புகளையும் பேணுவதற்கோ, அடைப்பதற்கோ, எடுப்பதற்கோ, மாற்றுவதற்கோ மெடிகேர் பணம் தராது என்பது அந்த விலக்கு. இருதயம் உடலைச் சேர்ந்தது. ஈரல் உடலைச் சேர்ந்தது. கால் விரல் நகம்கூட ஏதோ ஒருவகையில் உடலைச் சேர்ந்தது. பல்லோ உடலைச் சேராத ஆடம்பரம்! கழுத்துக்கு மேலே, மூக்குக்குக் கீழே, சட்டம் ஒரு கோடு கிழித்துவிட்டது.

ஏழைகளின் மெடிக்கெய்டிலும் இதே கதைதான், சற்றே வேறு முகத்தோடு. குழந்தைகளுக்குப் பல் சிகிச்சை கட்டாயம். 1967ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு வழி செய்தது. வளர்ந்தவர்களுக்கோ, மாநிலம் விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் விடலாம். விரும்பாத மாநிலங்கள் என்ன செய்தன? வலி பொறுக்காமல் ஓடிவந்தவனுக்கு அவசர உதவி மட்டும் செய்தன. அவசர உதவி என்றால் பெரும்பாலும் குறடுதான். சொத்தை சிறிதாக இருக்கும்போது அடைத்துக் காப்பாற்றக் கேட்டால், பணமில்லை. வேர்வரை அழுகி, முகம் வீங்கி வந்து நின்றால், பிடுங்குவதற்குப் பணமுண்டு! பிடுங்கப் பணம் தந்து பேணப் பணம் மறுக்கும் இந்தக் கணக்கை எந்தப் பொருளாதார மேதை வகுத்தாரோ, நான் அறியேன்.

பெயரைப் பற்றி இங்கே ஒரு சொல். 'ஹிஸ்பானிக்' என்பது ஸ்பானிய மொழியை வைத்து வந்த பெயர். எல்லா வீடுகளுக்கும் போகும் கணக்கெடுப்புப் படிவத்தில் அது ஏறியது 1980இல். 'லத்தீனோ' என்பது மண்ணை வைத்து வந்த பெயர்; போர்த்துகீசிய மொழி பேசும் பிரேசில் அதில் அடங்கும், ஸ்பெயின் அடங்காது. ஆண்பால் பெண்பால் வேறுபாடின்றி எல்லோரையும் குறிக்க வேண்டுமென்று இளைஞர் சிலர் 'லத்தீனெக்ஸ்' என்றொரு சொல்லைப் படைத்தனர், நோக்கம் நன்றே. ஆனால் பியூ ஆராய்ச்சி நிலையம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மக்களுள் நால்வரில் ஒருவர் கூட அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. தம்மைக் குறிக்க அதைப் பயன்படுத்தியவர் நூற்றுக்கு மூவர். எந்தப் பெயர் சரி என்று அவர்களே பேசி முடிக்கட்டும். எனக்குப் பட்டது இவ்வளவே: எப்பெயரால் அழைத்தாலும் திரும்பிப் பார்க்கும் வாயில் அதே வலி.

மரபு, மரபு என்கிறார்களே, அந்த மரபிலே பல்லுக்கும் இடமுண்டு என்பதை விழா மேடையில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. நம் தோட்டத்தில் நிற்கிறதே சப்போட்டா, அதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். பெயரும் அங்கே வழங்கும் நவா மொழிச் சொல்லிலிருந்து ஸ்பானியர் வாய்வழி நமக்கு வந்தது. அந்த மரத்தைக் கீறினால் பால் வடியும். அதைக் காய்ச்சி இறுக்கினால் 'சிக்லே'. மாயா மக்களும் நவா மக்களும் அதை மென்று வாயைத் தூய்மை செய்துகொண்டனர். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவுக்கு வந்த ஸ்பானியப் பாதிரியார் பெர்னார்டினோ தெ சாகுன், அம்மக்களின் வாழ்வை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுத் தொகுத்த பெருநூலில், கரியும் உப்பும் கொண்டு பல் துலக்கும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. உமிக்கரி அறிந்த நமக்கு அது விந்தையாகத் தோன்றாது. மாயா மக்களோ அதற்கும் பல நூற்றாண்டு முன்பே பல்லில் நுட்பமாகத் துளையிட்டுப் பச்சைக்கல் பதித்தவர்கள். மண்ணைத் தோண்டி எடுத்த மண்டையோடுகளில் அந்தக் கல் இன்னும் பல்லை விட்டு அகலாமல் இருக்கிறது!

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1870ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கில் தாமஸ் ஆடம்ஸ் என்பவர் அந்தச் சிக்லேயை வாங்கி ரப்பர் செய்ய முயன்றார், முடியவில்லை. மெல்லும் பண்டமாக விற்றார், சூயிங்கம் பிறந்தது. பிறகு அதிலே சர்க்கரையும் சேர்ந்தது. பல்லைத் துலக்கிய பண்டம், பல்லை அரிக்கும் பண்டமாகிப் பெட்டிக்கடையில் தொங்கியது! மரபை எடுத்துக்கொண்டார்கள்; ஆதாயத்தையும் எடுத்துக்கொண்டார்கள்; சொத்தையை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

சொத்தை என்று சொன்னேன். வெறும் அலங்காரப் பேச்சல்ல, அந்நாட்டு அரசாங்கமே எடுத்த கணக்கு இருக்கிறது. 2011 முதல் 2016 வரை நடந்த ஆய்வில், இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடையே, மெக்சிகோ மரபினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 33 பேருக்குப் பால்பல்லில் சொத்தை. வெள்ளைக் குழந்தைகளில் 18 பேருக்கு. வளர்ந்தோர் நிலை? 2009 முதல் 2012 வரையிலான ஆய்வில் 30 வயது கடந்தோரிடையே ஈறு நோய், ஸ்பானிய மரபினரில் நூற்றுக்கு 63 பேருக்கு மேல். வெள்ளையரில் 41 பேருக்கு.

'அவர்கள் இனிப்பைத் தின்கிறார்கள், பல்லை விளக்குவதில்லை, அதனால் வருகிறது' என்று சொல்வோர் அங்கே உண்டு. இந்தக் குரல் நமக்குப் பழகிய குரல்தான். வறுமையின் விளைவை வறியவனின் குணமென்று சாற்றும் குரல்! ஒரே மரபு, ஒரே குணம், ஒரே பல் என்று ஒன்று இருந்தால், அந்த மக்களிடையே நோயும் ஒரே அளவாக இருக்க வேண்டுமல்லவா? பிராங்க்ஸ், சிக்காகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில், 2008 முதல் 2011 வரை, 16,000க்கு மேற்பட்ட ஸ்பானிய மரபினரைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. பல்லையும் அதிலே சோதித்தார்கள். கியூபா வழியினருக்கு ஒரு நிலை, மெக்சிகோ வழியினருக்கு ஒரு நிலை, புவெர்ட்டோ ரிக்கோ வழியினருக்கு இன்னொன்று! இனத்தில் இல்லை விடை. வேலையில், கூலியில், குடியேறிய காலத்தில், காப்பீட்டுச் சீட்டில் இருக்கிறது.

காப்பீட்டுச் சீட்டு என்பது அந்நாட்டில் மருத்துவமனையின் திறவுகோல். பெரும்பாலோருக்கு வேலை தரும் முதலாளி மூலமாகவே அது கிடைக்கிறது. தோட்டத்தில் பழம் பறிப்பவனுக்கும், கட்டடத்துக்கு ஓடு வேய்பவனுக்கும், உணவு விடுதியில் தட்டுக் கழுவுபவளுக்கும் எந்த முதலாளி தருவான்? 2023ஆம் ஆண்டுக் கணக்கில், 65 வயதுக்குட்பட்ட ஸ்பானிய மரபினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேருக்குக் காப்பீடே இல்லை. வெள்ளையரில் 7 பேருக்கும் குறைவு. மருத்துவக் காப்பீடு உடையவர்களிலும் பல்லுக்குக் காப்பீடு உடையவர் குறைவு. அது தனிச் சீட்டு, தனிச் சந்தா. ஏழைகளின் மெடிக்கெய்டு அட்டையை நீட்டினால் ஏற்றுக்கொள்ளும் பல் மருத்துவரோ, நாட்டிலுள்ள பல் மருத்துவர்களில் பாதிக்கும் குறைவு.

ஸ்பானிய மொழியில் வலிக்கு 'டோலோர்' என்று பெயர். டாலருக்கு 'டோலார்'. எழுத்து ஒன்றுதான் வேற்றுமை! முன்னதைத் தீர்க்கப் பின்னது வேண்டும். பின்னதை ஈட்டப்போன இடத்தில்தான் முன்னது வந்தது. நாட்கூலிக்காரன் பல் மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் முதலில் அன்றைய கூலியை இழக்க வேண்டும். போனால் அவன் மொழி தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். வீட்டில் ஸ்பானிய மொழி பேசுவோர் 4 கோடிக்கு மேற்பட்ட அந்நாட்டில், பல் மருத்துவர்களுள் ஸ்பானிய மரபினர் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர்தான். பள்ளிக்கூடம் போகவேண்டிய மகள், தாயின் வலியை மருத்துவருக்கு மொழிபெயர்க்க வந்து நிற்கிறாள்.

எல்லைக்கு வாருங்கள். அரிசோனா மாநிலத்து யூமா வட்டாரம், குளிர்காலத்தில் அமெரிக்கா உண்ணும் கீரைவகைகளில் பெரும்பங்கை விளைவிக்கும் இடம். குனிந்து அறுக்கும் கைகள் மெக்சிகோ மக்களின் கைகள். அதனருகே எல்லைக்கு அப்பால், மெக்சிகோ மண்ணில், லாஸ் அல்கோடோனஸ் என்றொரு சிற்றூர். சில ஆயிரம் பேர் வாழும் ஊரில் சில நூறு பல் மருத்துவர்கள்! 'கடைவாய்ப்பல் நகரம்' என்றே அதற்குப் பட்டப்பெயர். குளிர்காலம் வந்தால் அமெரிக்க முதியோரும், கனடா நாட்டு முதியோரும் வண்டியை எல்லைக்கு இப்பால் நிறுத்திவிட்டு நடந்தே போகிறார்கள். பல் கட்டிக்கொள்கிறார்கள், வேர் சிகிச்சை செய்துகொள்கிறார்கள், தம் நாட்டுச் செலவில் ஒரு பகுதியே ஆக, மாலையில் திரும்புகிறார்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டம் கிழித்த கோடு வெள்ளை முதியவரையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு அந்த வரிசையே சான்று.

எல்லை தாண்டிக் கீரை அறுக்க வந்து, பொழுது சாய்ந்ததும் மெக்சிகோவுக்கே திரும்பும் அனுமதிச் சீட்டுள்ள தொழிலாளரும் அங்கே பல்லைப் பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் ஆவணமற்ற தொழிலாளி? அமெரிக்காவின் வயல்களில் பயிர்வேலை செய்வோரில் பத்தில் நால்வர் அத்தகையோர். கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் திராட்சை பறிக்கும் அவனுக்குத் தன் நாட்டு மருத்துவர் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறார், தன் மொழியில் பேசுவார், கட்டணமும் குறைவு. போகலாம், திரும்ப முடியாது! மனைவி மக்கள் இப்பால். மருத்துவர் அப்பால். மெக்சிகோவின் மருத்துவர் அமெரிக்கரின் பல்லைக் காக்கிறார். அமெரிக்காவின் உணவை விளைவிக்கும் மெக்சிகோக்காரனின் பல், அவன் வாயிலேயே அழுகுகிறது.

அச்சமும் ஒரு நோய்தான். அரசாங்கத்தின் உதவியைப் பெற்றவன் 'பொதுச் சுமை' என்று முத்திரை குத்தப்பட்டு, நிலையாகத் தங்கும் உரிமையை இழக்கக்கூடும் என்ற விதியை 2019இல் விரித்து எழுதினார்கள். 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2021 மார்ச்சில் கைவிடப்பட்டது. ஓராண்டுதான் இருந்தது. ஆனால் விதி போன பிறகும் அச்சம் போவதில்லை. அந்த மண்ணிலே பிறந்த குழந்தைக்கு உரிமையாக உள்ள உதவியைக்கூட, தந்தைக்குத் தீங்கு வருமோ என்று எண்ணித் தாய் வாங்காமல் விடுகிறாள்.

பல்வலியால் சாவு வருமா என்று கேட்பீர்கள். வரும். 2007 பிப்ரவரியில், தலைநகர் வாஷிங்டனையடுத்த மேரிலாந்து மாநிலத்தில், 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். லத்தீன் மரபினன் அல்லன், கறுப்பினச் சிறுவன்; ஆனால் விலக்கப்பட்ட வாய்க்கு நிறம் ஒன்றல்லவே. சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்கு ஏறியது. பல்லை எடுக்க ஏறத்தாழ 80 டாலர் ஆகியிருக்கும். மூளையில் செய்த அறுவைகளுக்கும் மருத்துவமனைக்கும் ஏறத்தாழ 2,50,000 டாலர் ஆயிற்று. பிள்ளை பிழைக்கவில்லை. நாடு அதிர்ந்தது. 2009இல், குறைந்த வருவாய்க் குடும்பத்துக் குழந்தைகளுக்கான காப்பீட்டுத் திட்டத்தில் பல் சிகிச்சையைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. ஒரு சவப்பெட்டிக்குப் பிறகு ஒரு சட்டத் திருத்தம்!

அதே 2009இல் கலிபோர்னியா என்ன செய்தது தெரியுமா? ஸ்பானிய மரபினர் மிகுதியாக வாழும் மாநிலம் அது. பொருளாதார நெருக்கடி, கருவூலம் காலி. எங்கே வெட்டுவது என்று பார்த்தார்கள். பல் தெரிந்தது! அந்த ஆண்டு சூலையில், ஏழை மக்களில் வளர்ந்தோருக்கு இருந்த பல் சிகிச்சையில் பெரும்பகுதியை நீக்கினார்கள். 2014 மே திங்களில் ஒரு பகுதி திரும்ப வந்தது. முழுவதும் திரும்ப 2018 சனவரி ஆயிற்று. இடையே கழிந்த எட்டரை ஆண்டில் எத்தனை பல் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பால்பல் விழுந்தால் முளைக்கும். நாற்பது வயதில் பிடுங்கிய பல்லை எந்த வரவு செலவுத் திட்டம் முளைக்கவைக்கும்?

அந்த மாநிலத்தைப் பாராட்டவும் இடமுண்டு, மறைப்பது நேர்மையாகாது. ஆவணமற்ற குழந்தைகளுக்கு 2016இல், இளைஞருக்கு 2020இல், 50 வயது கடந்தோருக்கு 2022இல், எஞ்சியோருக்கு 2024 சனவரியில் எனப் படிப்படியாக, ஏழைகளின் மருத்துவத் திட்டத்தை ஆவணம் பாராமல் எல்லோருக்கும் திறந்துவிட்டது கலிபோர்னியா. அதற்காகப் பல்லாண்டு வாதாடிய மக்கள் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நீடித்ததா? 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள்: ஆவணமற்ற வளர்ந்தோருக்கு 2026 சனவரி முதல் புதிய சேர்க்கை நிறுத்தம், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு 2026 சூலை முதல், அவசரச் சிகிச்சை நீங்கலாக, பல் சிகிச்சை நீக்கம், 2027 சூலை முதல் மாதச் சந்தா. மறுபடியும் பல்! கண்ணைத் தொடவில்லை, காதைத் தொடவில்லை. கத்தி நேரே பல்லுக்குப் போயிற்று. இவ்வளவுக்கும் அங்கே ஆள்வது குடியேறியோருக்குப் பரிந்து பேசும் கட்சி. 2025 சூலை 4ஆம் நாள் வாஷிங்டனில் கையெழுத்தான சட்டமோ, மெடிக்கெய்டுக்கு மத்திய அரசு தரும் பணத்தைப் பத்தாண்டுகளில் பல்லாயிரங்கோடி டாலர் குறைக்கிறது. ஆவணம் உள்ளவரின் பல்லும் அடுத்தடுத்த மாநிலங்களில் அதே மேசைமீது வரும்.

இந்த மக்கள் வாய்மூடி இருந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மரபுத் திங்களின் இரண்டாம் நாள் செப்டம்பர் 16. மெக்சிகோவின் விடுதலை நாள். 1965இல் அந்த நாளில்தான், கலிபோர்னியாவின் டெலானோ ஊரில் மெக்சிகோ வழித் திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எட்டு நாள் முன்பே, லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் களத்தில் நின்றனர். அவர்களோடு டோலோரஸ் உவெர்ட்டாவும் சீசர் சாவேசும் நடத்திய சங்கம் கைகோத்தது. டோலோரஸ் என்றால் வலிகள் என்று பொருள். பெயரிலேயே வலியைத் தாங்கிய அந்த அம்மை, ஒப்பந்த மேசையில் முதலாளிகளுக்கு எதிரே அமர்ந்தார். ஐந்தாண்டு நடந்தது போராட்டம். நாடெங்கும் மக்கள் திராட்சையை வாங்க மறுத்தனர். 1970 சூலையில் பண்ணை முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். கூலி உயர்வு மட்டுமல்ல, தொழிலாளர் மருத்துவத்துக்கு முதலாளி பணம் செலுத்த வேண்டுமென்பதும் வென்றெடுக்கப்பட்டது.

அதே 1970 சூலையில், 14ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் யங் லார்ட்ஸ் இயக்கம், சீர்கெட்டுக் கிடந்த லிங்கன் மருத்துவமனையின் கட்டடத்தில் புகுந்து அமர்ந்தது. வீடு வீடாக வந்து நோயைத் தடுக்கும் மருத்துவம் வேண்டுமென்றது. மறு ஆண்டு ஓக்லாந்து நகரில் மாணவரும் மக்களும் ஒரு கடைக் கூடத்தில் 'லா கிளினிகா தெ லா ராசா' என்ற இலவச மருத்துவகத்தைத் தொடங்கினர். அது இன்றும் நடக்கிறது, பல் மருத்துவமும் தருகிறது. இத்தகைய சமூக மருத்துவ நிலையங்கள் இன்று நாடெங்கும் 1,300க்கு மேல். ஆண்டுக்கு 3 கோடிப் பேர் வருகின்றனர். வருவோரில் மூவரில் ஒருவருக்கு மேல் ஸ்பானிய மரபினர். வருவாய்க்கேற்ற கட்டணம், ஆவணம் கேட்பதில்லை. இவை இல்லையேல் நிலைமை இன்னும் கொடிதாயிருக்கும். ஆயினும் பல் நாற்காலிகள் குறைவு, காத்திருப்போர் மிகுதி.

'இதெல்லாம் நடக்கக்கூடியதா? இத்தனை கோடி மக்களின் பல்லை அரசாங்கம் பார்க்க முடியுமா?' என்று கேட்போருக்கு விடை, அந்த மரபின் தாய்மண்ணுக்கு அருகிலேயே இருக்கிறது. லத்தீன் அமெரிக்காவின் பெரிய நாடு பிரேசில். மக்கள்தொகை 20 கோடிக்கு மேல். அமெரிக்காவைவிட எவ்வளவோ ஏழை. இராணுவ ஆட்சி ஒழிந்தபின் 1988இல் அவர்கள் எழுதிய அரசியல் சட்டம், உடல்நலத்தை எல்லோருக்கும் உரிமையென்றும் அரசின் கடமையென்றும் வகுத்தது. வரிப்பணத்தில் நடக்கும் பொது மருத்துவ அமைப்பை நிறுவினார்கள். 2004இல் லூலா ஆட்சியில் 'புன்னகைக்கும் பிரேசில்' என்று ஒரு திட்டம். குடும்ப நல நிலையங்களில் பல் மருத்துவக் குழு. வேர் சிகிச்சைக்கும் ஈறு சிகிச்சைக்கும் தனிச் சிறப்பு நிலையங்கள். பல் இழந்த ஏழைக்குப் பல் செட் செய்து தரும் கூடங்கள். எல்லா ஊரிலும் எல்லாம் நிறைந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆட்சி மாறியபோது பணம் சுருங்கியதும் உண்டு. அதனால்தான் 2023 மே திங்களில், ஆட்சியாளர் விருப்பப்படி நிறுத்திவிட முடியாதபடி, அதைச் சட்டமாகவே இயற்றிவிட்டார்கள். விழாவில் காட்டவேண்டிய மரபு இது! ஆனால் விழா மேடைக்கு நடனம் வருகிறது, நறுஞ்சுவை உணவு வருகிறது. இந்தச் சட்டத்தின் படி ஒன்று வருவதில்லை.

அமெரிக்காவில் முயற்சியே நடக்கவில்லையா? நடந்தது. 2021இல், மெடிகேரில் பல்லைச் சேர்க்கும் ஏற்பாடு காங்கிரஸ் சபைக்கு வந்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் எல்லா முதியோருக்கும் தருவதை எதிர்த்தது. குறைந்த வருவாயுள்ள முதியோருக்கு மட்டும் தனித்திட்டம் போதுமென்றது. அரசு நிர்ணயிக்கும் கட்டணம் நாடெங்கும் பரவுமே என்ற கவலை! ஏழைக்கு மட்டும் தனியே போடும் பந்தி எந்த ஆண்டு, எந்த நெருக்கடியில் முதலில் எடுக்கப்படும் என்பதைக் கலிபோர்னியா காட்டிவிட்டது. எல்லோரும் அமரும் பந்தியைத்தான் எடுப்பது கடினம். அந்த ஆண்டு இறுதிக்குள்ளாகவே பல் மசோதாவிலிருந்து விழுந்துவிட்டது.

இப்போது கதவில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. இருதய வால்வை மாற்றுமுன்னும், உறுப்பு மாற்று அறுவைக்கு முன்னும், வாயிலுள்ள நோய்த் தொற்றைச் சீர்செய்ய மெடிகேர் பணம் தருமென்று 2023இல் விதி வந்தது. தலை கழுத்துப் புற்றுநோய்க்காரரை 2024இல் சேர்த்தார்கள். இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளியை 2025இல். அதாவது இருதயத்துக்குப் பல் வேண்டும், சிறுநீரகத்துக்குப் பல் வேண்டும் என்பதை அந்நாட்டு அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. உண்பதற்கும் பேசுவதற்கும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. 1965ஆம் ஆண்டின் அந்த விலக்கு, சட்டப் புத்தகத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.